ஏழு சொல்லாத கனகாம்பாள்

கனகாம்பாளுக்கு எண்ணத் தெரியாது என்று பர்மாவில் எங்கள் அலோன் ஆற்றுத் துறையில் ஒரு பேச்சு நடக்கிறது. எண்ணிக்கையில் ஒன்றை விழுங்கிவிட்டாளாம். அதனால் பலகையில் கூடையோடு வந்த ஒருத்தி விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டாளாம். டீக்கடையில் சொல்கிறார்கள், கோயில் வாசலில் சொல்கிறார்கள், அவளைக் கண்ணால் பார்க்காதவன்கூடச் சொல்கிறான். விழுந்த அந்த ஒருத்தி நான்தான். என் பெயர் தமிழரசி. என்னிடம் மட்டும் இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

கேட்காவிட்டால் போகட்டும், நானே சொல்கிறேன். முதலில் கனகாம்பாள் யார் என்று சொல்லிவிடுகிறேன். அவளைப் பற்றித் தெரியாமல் இந்தக் கதையைக் கேட்டால், பாவம், ஏதோ வாயில்லாப் பூச்சி என்று நினைத்துவிடுவீர்கள். அப்படி யாராவது நினைத்தால் அவளுக்கே பிடிக்காது.

ஐம்பது தாண்டிய பெண். குட்டை. வாயில் எப்போதும் வெற்றிலை. தாத்தா கப்பலுக்கு நிலக்கரி அள்ள இந்த ஊருக்கு வந்தவர், அப்பா முனிசிபல் குப்பை வண்டியில் போனவர். புருஷன் சரக்கு லாரி ஓட்டிக்கொண்டு வடக்கே போனான். போன இடத்தில் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். செய்தி காதில் விழுந்ததும் இவள் அழவில்லை. அவனுடைய லுங்கி, சட்டை, சாமி படம் எல்லாவற்றையும் மூட்டை கட்டினாள். இரவு பஸ் ஏறிப் போய் அந்த வீட்டு வாசலில் மூட்டையைப் போட்டாள். "ஒன் சாமானையெல்லாம் நீயே வச்சுக்க" என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தாள். மறுநாள் காலையில் துறையில் கூடையோடு நின்றாளாம். மகளை வளர்த்து, கட்டிக்கொடுத்து, இப்போது அந்த மகள் ஷ்வேப்யிதாவில் தையல் ஃபேக்டரிக்குப் போகிறாள். மகளோடும் இவளுக்குச் சண்டைதான். சண்டை போடாத ஆள் என்று யாரையும் அவள் பாக்கி வைக்கவில்லை.

படகுக்காரன் ஒருவன் ஒரு பெண்ணின் இடுப்பில் கை வைத்தபோது, தலையில் இருந்த மணல் கூடையை அப்படியே அவன் தலையில் கவிழ்த்தவள் அவள். அன்றைக்கு வாய்க்குள் போன மணலை அவன் ஒரு வாரம் துப்பிக்கொண்டிருந்தான் என்று எங்கள் பெண்கள் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

எங்கள் வேலை மணல் இறக்குவது. ஆற்றில் மணல் படகு வந்து நிற்கும். படகிலிருந்து கரைக்குப் போக ஒரு பலகை, திரும்பி வர ஒரு பலகை. தலையில் சும்மாடு, அதற்கு மேல் ஈர மணல் கூடை. போகிற பலகை நீளம் போதாது என்று இரண்டு பலகைகளை ஒன்றின் மேல் ஒன்று ஏற்றிக் கயிற்றால் இறுக்கியிருக்கும். அந்தக் கட்டு இருக்கும் இடத்தில் கால் வைத்தால் பலகை உள்ளே போகும். போய்விட்டு மேலே வரும். மேலே வந்து அடங்குவதற்குள் அடுத்த காலை எடுத்தால் அது ஆளைத் தூக்கி எறிந்துவிடும். கீழே ஒரு பக்கம் சேற்றுத் தண்ணீர், இன்னொரு பக்கம் கருங்கல்.

அதற்குத்தான் எண்ணிக்கை. படகின் விளிம்பில் நின்று கனகாம்பாள் எண்ணுவாள், அதற்குக் கால் வைத்து நாங்கள் நடப்போம். கூடையை எண்ணுவதற்கு வேறு ஆள் இருக்கிறார். கரையில் கொட்டும்போது கூடைக்கு ஒரு மூங்கில் சீவலைத் தகர டப்பாவில் போடுவார். எங்கள் எண்ணிக்கை காலுக்கு.

அது எந்த மொழி என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. ஒன்று என்று தொடங்க மாட்டோம். நெல் அளக்கிறவர்கள் தொடங்குவது மாதிரி லாபம் என்று தொடங்குவோம். லாபம், ரெண்டு. மூன்றுக்கும் நாலுக்கும் பர்மா வார்த்தை, தோன், லே. மூணு, நாலு என்று இரண்டாக உடைத்துச் சொன்னால் கால் தடுமாறும், இதில் ஒரே இழுப்பில் கால் பதியும். பிறகு அஞ்சு, ஆறு. ஆறு கட்டின் மேல் விழும். எட்டு தமிழ், கோ என்றால் ஒன்பது, அது பர்மா. கடைசியில் பதி. அது எப்போதோ இங்கே மணல் சுமந்த தெலுங்குப் பெண்கள் விட்டுப்போனது. இந்த உலகத்தில் இப்படி எண்ணுகிறவர்கள் அந்தத் துறையில் கூடை தூக்கும் நாங்கள் ஒரு கைப்பிடி மனுஷிகள்தான்.

ஏழு எங்கே என்கிறீர்களா? ஏழு கிடையாது. ஆறில் பலகை உள்ளே போகும், ஏழின் நேரத்தில் மேலே வரும். அந்த நேரம் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். எட்டு என்று கேட்டால் காலை எடுக்க வேண்டும். அவ்வளவுதான். இதில் சாமியும் இல்லை, பூதமும் இல்லை.

சிவராஜ் வந்தான். அவனும் தமிழன்தான், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. வெளிநாட்டில் கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்து கிடங்கு முதலாளியிடம் மேஸ்திரி ஆனவன். தமிழ் நன்றாகப் புரியும், ஆனால் எங்களிடம் பர்மாவில்தான் பேசுவான். கனகாம்பாளை டோ கனகா என்று மரியாதையாகக் கூப்பிடுவான். மரியாதை அந்த டோவோடு முடிந்துவிடும். கிடங்கு நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு நாள் காலை முழுவதும் போனில் நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்து வந்து, "டோ கனகா, பத்து எண்ணும்போது ஒரு எண் விட்டுப்போகிறது. அந்த நேரம் முழுக்க ஆள் சும்மா நிற்கிறது. பத்தில் ஒரு பங்கு வேலை நேரம் வீணாகிறது" என்றான்.

"சும்மா நிக்கல தம்பி. பலக அடங்கட்டும்னு நிக்கிறாங்க" என்றாள் கனகாம்பாள்.

அவன் சிரித்தான். அப்போது மட்டும் தமிழ் வந்தது அவனுக்கு. "ஏழுன்னா ஏழரைன்னு பயமா? இந்தக் காலத்திலயுமா?"

"எங்களுக்குப் புடிச்ச ஏழரை நீதான்டா. கூடையத் தூக்கிட்டு ஒரு நட நடந்து பாரு. அப்பறம் வந்து எண்ணச் சொல்லிக் குடு."

பெண்கள் எல்லாரும் சிரித்துவிட்டார்கள். நானும் சிரித்தேன். சிவராஜின் காது சிவந்துபோனது. அவன் பலகையில் கால் வைக்கவில்லை. கடைசிவரை வைக்கவில்லை. மூடநம்பிக்கையால் வேலை கெடுகிறது என்று முதலாளியிடம் போய்ச் சொன்னான். முதலாளி அவன் கையில் ஒரு மைக்கைக் கொடுத்தனுப்பினார், கையில் பிடித்துக் கத்துவார்களே அது. அடுத்த நாளிலிருந்து எண்ணுவது மேஸ்திரி, கனகாம்பாளும் கூடை தூக்க வேண்டும் என்று உத்தரவு.

மழைக்காலம். பலகை வழவழ என்று இருந்தது. சிவராஜ் கரையில் குடைக்குள் நின்றுகொண்டு மைக்கில் எண்ணினான். தித், ஹ்னித், தோன் என்று சுத்தமான பர்மாவில், ஸ்கூல் பிள்ளை ஒப்பிக்கிற மாதிரி, நடுவில் மூச்சே விடாமல். முதல் சில நடை அவன் எண்ணுக்குக் காது கொடுக்காமல் எங்கள் பழக்கத்திலேயே நடந்தோம். அதையும் பார்த்துவிட்டான். நின்றால் பின்னால் வருகிறவளும் நிற்கிறாள், நிற்கிறவளுக்கு நாளையிலிருந்து வேலை இல்லை என்று மைக்கிலேயே சொன்னான். என் வீட்டில் நான் ஒருத்திதான் சம்பாதிக்கிறேன். அடுத்த நடையில் அவன் எண்ணுக்கே கால் வைத்தேன். ச்சவ் என்றான், ஆறு, கட்டின் மேல் மிதித்தேன். குன்னித் என்றான். ஏழு. காலை எடுத்தேன்.

பலகை மேலே வந்தது. அதற்குப் பிறகு எனக்குத் தெரிந்தது, கன்னத்துக்குக் கீழே கருங்கல். என் கால் எனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தது. எனக்குப் பின்னால் வரிசையில் நின்றிருந்த கனகாம்பாள் கூடையைத் தள்ளிவிட்டுச் சேற்றில் குதித்துச் சுற்றி வந்து என் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். மைக் இன்னும் எண்ணிக்கொண்டிருந்தது. ஷித், கோ, தஸே. அவன் எண்ணி முடித்துவிட்டுத்தான் எட்டிப் பார்த்தான்.

ஆஸ்பத்திரியில் தொடைக்குள் கம்பி வைக்க வேண்டும் என்றார்கள். வைக்காவிட்டால் கால் கூடும், ஆனால் கோணலாகக் கூடும், கூடை தூக்க முடியாது. கம்பி வெளியே வாங்கி வர வேண்டும். என் வீட்டில் அதற்கு வழி இல்லை. பிறகு ஒரு நாள் முதலாளி அனுப்பியது என்று கம்பி வந்தது, டாக்டர் வைத்தார், முதலாளி நல்ல மனுஷர் என்று பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்கூடச் சொன்னாள். நானும் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்தக் கும்பிடை இப்போது நினைத்தால் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது.

வீட்டுக்கு வந்த பிறகுதான் ரோஸ்லின் உண்மையைச் சொன்னாள். ரோஸ்லின் க்யிம்யிண்டைங்கிலிருந்து வருகிறவள், எங்களோடு கூடை தூக்குகிறவள், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பாடுகிறவள். பொய் சொல்ல வராது அவளுக்கு.

"கனகாக்கா ஆஃபீஸுக்குப் போய் கம்பி கேட்டுச்சு. மைக்ல எண்ணுனது மேஸ்திரின்னு வெளிய போனா கம்பெனிக்குக் கெட்ட பேரு, எண்ணுனது நீதான்னு ஒத்துக்க, ஒன் எண்ணிக்கைலதான் பொண்ணு விழுந்துச்சுன்னு சொல்லு, கம்பி வாங்கித் தரோம்னாங்க. அக்கா ஒத்துக்கிச்சு தமிழு. எல்லாரையும் நிக்க வச்சு, அக்காவப் பேசச் சொல்லி, சிவராஜ் போன்ல புடிச்சான். எப்புடி தப்பா எண்ணுனேன்னு எண்ணிக் காட்டச் சொன்னான். ஒரு தடவ பத்தாதுன்னு மறுக்கா மறுக்காச் சொல்ல வச்சான். அதுக்கப்பறம் நாளைலேருந்து தொறைக்கு வராதன்னு அனுப்பிட்டாங்க."

"நீங்கள்லாம் என்னடி பண்ணீங்க?"

ரோஸ்லின் தலை குனிந்துகொண்டாள். "ஒனக்குக் கம்பி வேணுமேடி" என்றாள்.

என் காலுக்குள் இருக்கிற இரும்பு கனகாம்பாளின் பொய். அதன் மேல்தான் நான் நிற்கிறேன். அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தில் அந்தக் கம்பியை உருவி சிவராஜின் மண்டையில் போடத் தோன்றியது. அவன் மேல் கோபம், முதலாளி மேல் கோபம், வாயைப் பொத்திக்கொண்டு நின்ற பெண்கள் மேல் கோபம். எல்லாவற்றையும் விடக் கனகாம்பாள் மேல் கோபம். புருஷன் வாசலில் மூட்டையை எறிந்தவள், படகுக்காரன் தலையில் மணலைக் கவிழ்த்தவள், எனக்காகப் போய் இவனிடம் குனிந்திருக்கிறாள். யார் கேட்டது அவளை?

அவளே ஒரு மாலையில் வந்தாள், ஒரு தூக்குச்சட்டியில் மீன் குழம்போடு. நான் சட்டியைத் தொடவில்லை.

"யாரக் கேட்டு ஒத்துக்கிட்டீங்க?"

"யாரக் கேக்கணும்? வாய் என்னோடது, கால் ஒன்னோடது. நீ நடக்கணும். நடக்கிற. குழம்பு ஆறுது, தின்னு."

"ஊரெல்லாம் ஒங்களுக்கு எண்ணத் தெரியாதுங்குது."

"சொல்லிட்டுப் போவட்டும். ஊரு வாய வச்சு நான் சோறு பொங்கல."

அந்த வாய் பழைய வாய்தான். ஆனால் அதற்குப் பிறகு அவள் சுருக்குப் பையை அவிழ்த்தாள். வெற்றிலையைக் கையில் எடுத்தாள், மடித்தாள், வாயில் போடவில்லை. கடைசியில் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்.

"தமிழு, நெசமாவே நான்தான் ஒன்ன விழ வச்சனோ?"

"என்னக்கா சொல்றீங்க?" என்றேன்.

"அவன் குன்னித்துன்னப்ப நீ கால எடுக்கிறது தெரிஞ்சுது. நில்லுடின்னு கத்துனேன். நான் கத்துனதுல நீ திரும்பிட்டியோ? அதுலதான் கால் போச்சோ? அன்னைக்குப் போன்ல சொல்லச் சொல்ல எனக்கே அப்படித்தான்னு ஆயிப்போச்சு. ராத்திரி படுத்தா அதான் ஓடுது. இத்தன வருஷம் நான் எண்ணுனதே தப்போ என்னமோ."

நான் எத்தனையோ பேர் மேல் கோபப்பட்டிருக்கிறேன். அப்படி ஒரு கோபம் அதற்கு முன்னால் எனக்கு வந்ததில்லை. அவளிடமிருந்து வேலையைப் பிடுங்கினார்கள், பெயரைப் பிடுங்கினார்கள், அது போதாதென்று அவளுக்குத் தன் எண்ணிக்கை மேல் இருந்த நம்பிக்கையையும் பிடுங்கிவிட்டார்கள். "நீங்க கத்துனதே என் காதுல விழல அக்கா, மைக்கு சத்தந்தான் கேட்டுச்சு" என்று கத்தினேன். அவள் நம்பவில்லை. தன்னைச் சமாதானப்படுத்தத்தான் சொல்கிறேன் என்று நினைத்துக்கொண்டாள். அது அவள் முகத்திலேயே தெரிந்தது.

மறுநாள் காலையில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு துறைக்குக் கிளம்பினேன். கம்பி வைத்தாயிற்று, இனி யாரும் அதைத் திருப்பிக் கேட்க முடியாது. நான் தனியாகப் போய் விழுந்து தொலைவேன் என்று பயந்துதான் கனகாம்பாள் கூட வந்தாள். சைக்கா ரிக்ஷாவில் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள்.

துறையில் மணல் படகு நின்றிருந்தது. பெண்கள் தலையில் கூடையோடு படகில் வரிசையாக நின்றார்கள், முதலில் ரோஸ்லின். சிவராஜ் கரையில் மைக்கோடு நின்றான். எண்ணிக்கை இன்னும் தொடங்கவில்லை. எங்களைப் பார்த்ததும், "டோ கனகா இங்கே வரக் கூடாது" என்றான்.

"அவங்க வரல, நான்தான் கூட்டியாந்தேன்" என்றேன். பிறகு எல்லாருக்கும் புரியட்டும் என்று தமிழிலும் பர்மாவிலும் மாற்றி மாற்றிக் கத்தினேன். "நான் விழுந்தது இவன் எண்ணுனதுல! குன்னித்துன்னான், கால எடுத்தேன், விழுந்தேன். கனகாக்கா எண்ணவே இல்ல!"

கிடங்கில் மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். டீக்கடையிலிருந்தும் நாலு பேர் வந்தார்கள். சிவராஜ் பதறவில்லை. எவ்வளவு தைரியம் பாருங்கள், சிரித்தான். "அவள் வாயாலேயே சொன்னது என்னிடம் இருக்கிறது. எல்லாரும் கேட்கட்டும்" என்றான். போனை எடுத்து ஓட விட்டு, அதை மைக்கின் வாயில் வைத்துப் பிடித்தான்.

கனகாம்பாளின் குரல் ஆற்றங்கரை முழுக்கக் கேட்டது. நான் கனகாம்பாள், தமிழரசி விழுந்தது என் தப்பு, நான் எண்ணுனதுலதான் விழுந்துச்சு என்று அது சொன்னது. என் பக்கத்தில் நின்றவள் தரையைப் பார்த்தாள். கோயில் வாசலில் செருப்பைத் தொலைத்தவள் மாதிரி நின்றாள். அவளை அப்படிப் பார்த்ததற்கு என் காலை இன்னொரு தடவை உடைத்திருக்கலாம். போனுக்குள் சிவராஜின் குரல், எண்ணிக் காட்டு என்றது.

"லாபம்" என்றது போன்.

ரோஸ்லின் பலகையில் கால் வைத்தாள்.

யாரும் அவளிடம் சொல்லவில்லை. அவளைக் கேட்டால், எனக்கே தெரியாது, காதில் விழுந்தது கால் போனது என்கிறாள். ரெண்டு, தோன், லே. தலையில் கூடை அசையவில்லை. அஞ்சு, ஆறு. கட்டின் மேல் மிதித்தாள், பலகை உள்ளே போனது. போனிலிருந்து சத்தமே இல்லை. அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலும் கனகாம்பாளின் வாய் ஏழைச் சொல்லவில்லை. ரோஸ்லின் நின்றாள், பலகை மேலே வந்து அடங்கியது. எட்டு, கோ, பதி. ரோஸ்லின் கரையில் கூடையைக் கொட்டினாள்.

மறுபடியும் லாபம் என்றது போன். அவன்தானே மறுக்கா மறுக்கா எண்ண வைத்தான்! அடுத்தவள் பலகையில் ஏறினாள். பார்த்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். சிவராஜுக்கு அப்போதுதான் விளங்கியது. ஆறு என்றதும் போனைப் பிடுங்கி அணைத்தான்.

பலகையின் நடுவில் அவள், தலையில் ஈர மணல். பலகை உள்ளே போயிருந்தது. சிவராஜ் மைக்கை வாய்க்குக் கொண்டுபோனான், என்ன சொல்வதென்று அவனுக்குத் தெரியவில்லை. பலகை மேலே வந்தது. வந்து அடங்கியது.

"எட்டு" என்றாள் என் பக்கத்தில் நின்ற கனகாம்பாள்.

பலகையில் இருந்தவள் காலை எடுத்து வைத்தாள்.